படகு ஜன்னலுக்கு எடுத்த அளவு

பூந்தமல்லியில எங்க வீட்டு முன்னறைதான் கடை. போர்டு கிடையாது. "ஸ்கிரீன் துணி தைக்கிற பாய் வீடு எது"ன்னு பஸ் ஸ்டாண்டுல இறங்கிக் கேட்டா யாராவது கையைக் காட்டுவாங்க. முப்பத்தோரு வருஷம் நானும் எங்க வீட்டுக்காரரும் அந்த வேலையைப் பங்கு போட்டுச் செஞ்சோம். அளவு எடுக்கிறது அவர், தைக்கிறது நான், கொண்டு போய் மாட்டுறது அவர். திட்டுறது மட்டும் நான் தனியாப் பார்த்துக்கிட்ட வேலை.

அதை முதல்லயே சொல்லிடுறேன். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். வாயும் நீளம். அவருக்கு ரெண்டும் கிடையாது. நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினாலும், காதுல செருகின பென்சிலை எடுத்து அதையே உருட்டிப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. நான் ஓய்ஞ்சதும், "டீ போடட்டுமாம்மா?"ன்னு கேப்பாரு. அதுக்கும் ஒரு தடவை கத்துவேன்.

கடைசி ரெண்டு வருஷமா அவருக்குக் கிட்னி கெட்டுப் போயிடுச்சு. வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். போயிட்டு வந்த அன்னிக்கு ஆளே வேற மாதிரி இருப்பாரு. முகம் வீங்கும், உடம்பெல்லாம் அரிக்கும், பேசிக்கிட்டிருக்கிற பேச்சு பாதியில நின்னு போகும். மறதியும் வந்துச்சு. ஆவடியில ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு பால்கனி கதவு அளவு எடுத்தாரு. உயரம் எண்பத்தி நாலு இஞ்ச். இவர் நாப்பத்தெட்டுன்னு எழுதிக்கிட்டு வந்துட்டாரு. எனக்காவது தோணியிருக்கணும், எந்த ஊர்ல கதவு நாலடி இருக்குன்னு. நானும் அன்னிக்கு அவசரத்துல வெட்டிட்டேன். வீட்டுக்காரங்க ஆசை ஆசையா எடுத்துக் குடுத்த துணி, மொத்தமும் பாழ். அன்னியிலேர்ந்து அவர் எழுதின எந்த அளவையும் ரெண்டு தடவை கேட்காம நான் கத்திரிக்கோலைத் தொட்டதில்லை. அவரும் அதைத் தெரிஞ்சுக்கிட்டாரு. அளவுச் சீட்டை நீட்டும்போதே என் முகத்தைப் பார்ப்பாரு. பரீட்சைப் பேப்பர் வாங்க வந்த பையன் மாதிரி நிப்பாரு.

அப்படி இருக்கும்போதுதான் இந்தப் படகு வந்துச்சு.

நசரத்பேட்டையில ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. அதுல ஒருத்தர் பாய்மரப் படகு கட்டுறாரு. அம்பத்தூர் எஸ்டேட்டுல ஃபைபர் வார்க்கிற கம்பெனியில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. பாட்டன் காலத்துல நெல் விளைஞ்ச நிலத்துல மிச்சம் கிடந்த துண்டுல கொட்டகை போட்டு, ஆறு வருஷமா தானே கட்டிக்கிட்டிருக்காரு. நசரத்பேட்டைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு ஊரே கேட்டுச்சு. அவர் காதுல போட்டுக்கல. படகுக்குள்ள ரெண்டு பேர் படுக்கிற மாதிரி ஒரு சின்ன அறை, அதுல ஆறு ஜன்னல். அதுக்கு ஸ்கிரீன் போடணும்னு எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினாரு.

ஒரு செவ்வாய்க்கிழமை போனாரு. சாயங்காலம் திரும்பி வந்து, கல்யாணப் பத்திரிகை ஒண்ணோட பின்பக்கத்துல எழுதின அளவை என் கையில குடுத்தாரு. எப்பவும் அதுலதான் எழுதுவாரு, தடிச்ச அட்டை, மடங்காதுன்னு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன்.

முதல் ஜன்னல். மேல் இருபத்தேழு. கீழ் இருபத்தி நாலரை. இடது ஒன்பது. வலது பதிமூணு. ரெண்டாவது அதைவிட மோசம். ஆறு ஜன்னல்ல ஒண்ணுகூட ஒண்ணோட ஒத்துப் போகல. ஒரே ஜன்னல்ல இடது பக்கம் ஒரு உயரம், வலது பக்கம் ஒரு உயரம். அதுக்கும் மேல, ஸ்பிரிங் ரெண்டு, ஸ்பிரிங் ரெண்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் கீழே எழுதியிருந்தாரு. ஸ்கிரீனைக் கோத்து ரெண்டு கொக்கியில இழுத்து மாட்டுறோமே, அந்த ஸ்பிரிங் கம்பி. ஒரு ஜன்னலுக்கு ஒரு கம்பிதான். ரெண்டு எதுக்கு?

"இன்னாங்க இது?"ன்னேன்.

"அளவும்மா."

"இடது ஒம்போது, வலது பதிமூணா? ஜன்னலா இது, முறமா?"

"அது அப்டித்தான் கீது. படகு ஊடு மாதிரி இல்லம்மா, எல்லாம் சாஞ்சுகினு கீது. நீ வந்து பாத்தீனா..."

அவ்வளவுதான். எனக்கு ஆவடி கதவு ஞாபகம் வந்துச்சு, பாழாப்போன துணி ஞாபகம் வந்துச்சு, அன்னிக்கு தையல் மெஷின் பெல்ட் வேற அறுந்திருந்துச்சு. வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒரு டேப்பை நேராப் புடிக்கத் தெரியல, ஜன்னல் சாஞ்சுகினு கீதாம். பேசாம ஊட்டோட கெடங்க. உங்க அளவை நம்பி இனிமே நான் கத்திரிக்கோல் எடுக்கிறதா இல்ல"ன்னேன். இந்தக் கடைசி வார்த்தை எனக்கு இன்னிக்கும் காதுல கேட்குது.

அவர் பென்சிலை எடுக்கல. டீ போடட்டுமான்னும் கேட்கல. "சரிம்மா. உனக்கு எது சரின்னு படுதோ அப்டியே தெச்சுடு"ன்னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்துக்கிட்டாரு.

புதன்கிழமை ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை காலையில மருந்துக் கடைக்குப் போறேன்னு கிளம்பினவரு மத்தியானம்தான் வந்தாரு. சட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாத் தூசி, கையைச் சொறிஞ்சுக்கிட்டே வந்தாரு. "எங்க போய்ப் புரண்டுட்டு வரீங்க? மருந்து வாங்க மூணு மணி நேரமா?"ன்னு அதுக்கும் ஒரு பாட்டு. ஆனா அன்னிக்கு அவர் முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு. மீசைக்குள்ள ஒளிச்சு வச்ச சிரிப்பு. சாப்பிடும்போது, "ஞாயித்துக்கெழம நசரத்பேட்டை வரிக்கும் போயி வரலாமா? பஸ்ல போனா பத்து நிமிசம்"னாரு. "எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு, ஊர் சுத்த நேரமில்ல"ன்னேன். சரி, சரின்னு தலையை ஆட்டிக்கிட்டாரு. சிரிப்பு மட்டும் போகல.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு வந்தாரு. தண்ணி கேட்டாரு. நான் சொம்பை எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள சுவத்துல சாஞ்சுக்கிட்டாரு. தோளைத் தொட்டு உலுக்கினேன். அல்லாவே, அவ்வளவு லேசா ஒரு மனுஷன் போக முடியுமான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. அசர் தொழுகை நேரத்துக்குள்ள வீடு நிறைய ஆள் வந்துட்டாங்க. மறுநாள் காலையில கொண்டு போயிட்டாங்க.

புருஷன் மவுத்தாயிட்டா எங்கள்ல நாலு மாசம் பத்து நாள் பொம்பளை வீட்டோட இருக்கணும். வெளியே போகக் கூடாது, வெளி ஆம்பளைங்க முகம் பார்க்கக் கூடாது. இத்தா இருக்கிறதுன்னு சொல்வோம். அம்பத்தூர்ல கட்டிக்குடுத்த எம் மக வந்து கூட இருந்தா. முதல் நாப்பது நாள் மெஷின் மேல ஒரு துணியைப் போர்த்தி வச்சிருந்தேன். அதுக்கப்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆச்சு. மெஷினைத் திறந்தேன். நிலுவையில கிடந்தது இந்தப் படகு வேலை ஒண்ணுதான். அவர் எடுத்த கடைசி அளவு.

அந்த அட்டையை எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பேன்னு தெரியாது. பார்க்கும்போதெல்லாம் அந்தச் 'சரிம்மா' வந்து முன்னாடி நிக்கும். முப்பத்தோரு வருஷம் நான் கத்தினதுல ஒண்ணுகூட அவரைத் தொட்டதில்லைன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு மட்டும் தொட்டுடுச்சா? புத்தி கெட்டுப் போச்சு, இனிமே நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நம்பிக்கிட்டேதான் அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தாரா? யார்கிட்ட போய்க் கேட்பேன்? போனவரைத்தானே கேட்கணும். எம் மகக்கிட்டகூடச் சொல்லல. சொல்ல வெட்கமா இருந்துச்சு.

துணி எடுக்கிறதுக்கு படகுக்காரரோட சம்சாரம் வந்தாங்க. இத்தா வீடுங்கிறதால அவர் வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டுப் போயிடுவாரு. அந்த அம்மா ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க. டீச்சரம்மான்னுதான் நான் கூப்பிடுவேன். வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க. அப்புறம், "வேலை இல்லாம நீங்க உக்காந்திருந்தா இன்னும் கஷ்டம்மா. வாங்க, துணியைப் பார்ப்போம்"னாங்க. எனக்கு அவங்களைப் பிடிச்சுப் போச்சு.

டீச்சரம்மாவுக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுல செம்பரம்பாக்கம் ஏரியில கால் வழுக்கி விழுந்தவங்களாம். புருஷன் ஆறு வருஷமா படகு கட்டுறாரு, இவங்க அந்த ஏணியில ஒரு படி ஏறினதில்லை. ஆனா, கடல்ல ஒரு ராத்திரியாவது என்கூடத் தங்கணும்னு அவர் கேட்டுக்கிட்டே இருக்காரு. கடைசியில ஒத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு கண்டிஷன்.

"உள்ள இருக்கிறப்போ எனக்குத் தண்ணி கண்ணுல படக்கூடாது. ஒரு இடுக்குகூடத் தெரியக் கூடாது. மூடினா மூடினதுதான். அப்படித் தைச்சுக் குடுங்க"ன்னாங்க.

நான் நெட் துணியைத் தூக்கி ஓரமா வச்சேன். பருத்தி வேணும்னாங்க, வீட்டுல போட்டிருக்கிற மாதிரி. கடல் காத்துக்குப் பருத்தி ஆகுமா? எனக்கும் சரியாத் தெரியாது. முப்பத்தோரு வருஷத்துல கடலுக்கு ஸ்கிரீன் தைச்சதில்லையே. அதனால ஒரு வேலை செஞ்சோம். ஒரு பக்கெட்டுல கல்லுப்பைக் கரைச்சு, பருத்தி, பாலியஸ்டர், வெல்வெட், பஸ் சீட்டுக்குப் போடுற முரட்டுத் துணி, எல்லாத்துலயும் ஒரு சாண் வெட்டிப் போட்டோம். தினமும் காலையில முக்கி எடுத்து கொல்லைப் பக்கம் கொடியில போட்டேன். இரும்புக் கொக்கி, பித்தளைக் கொக்கி, பிளாஸ்டிக் கொக்கி, மூணையும் அதே தண்ணியில போட்டு வச்சேன். பத்து நாள்ல பருத்தி கறுப்புப் புள்ளி விழுந்து நாத்தம் அடிச்சுச்சு. வெல்வெட் காயவே இல்ல, நனைஞ்ச பூனை மாதிரி தொங்குச்சு. இரும்புக் கொக்கி துருப்பிடிச்சு தண்ணியே டீ நிறம் ஆயிடுச்சு. பித்தளை பச்சை பூத்துச்சு. டீச்சரம்மா வந்து பார்த்துட்டு, "நீங்க சயின்ஸ் டீச்சரா இருந்திருக்கணும்"னாங்க. அவர் போனதுக்கப்புறம் நான் சிரிச்சது அன்னிக்குத்தான். சிரிச்ச கையோட அழுதேன்.

பாலியஸ்டர்னு முடிவாச்சு. வெளிச்சம் ஊடுருவாம இருக்க பின்னாடி ஒரு கனமான லைனிங். நிறம்தான் பெரிய பஞ்சாயத்து. அவங்க கருநீலம் கேட்டாங்க. "தண்ணிக்குப் பயந்துக்கிட்டு உள்ளேயும் தண்ணி நிறத்தையே போடுவீங்களா?"ன்னு கேட்டேன். யோசிச்சுப் பார்த்துட்டு ஆமான்னாங்க. அப்புறம் செங்கல் நிறத்துல ஒண்ணு எடுத்தோம். மூடினா வீட்டுச் சுவர் மாதிரி இருக்கணும்னு அவங்களே சொன்னாங்க. பிளாஸ்டிக் கொக்கி, பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங்.

எல்லாம் எடுத்தாச்சு. அளவுதான் பாக்கி.

நான் என்ன செஞ்சேன்னா, அவர் எழுதினதைத் திருத்தினேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் பெரிய அளவை எடுத்துக்கிட்டு, நாலு மூலையும் நேரா வர்ற மாதிரி மாத்தினேன். இருபத்தேழுக்குப் பதிமூணு. ஸ்பிரிங் ரெண்டுங்கிறதை ஒண்ணாக்கினேன், மறதியில ரெண்டுன்னு எழுதிட்டாருன்னு. ஒரு போன் போட்டு படகுக்காரரைக் கேட்டிருக்கலாம், எம் மகளை விட்டாவது கேட்டிருக்கலாம். கேட்கல. கேட்டா, பாய் கடைசியா எடுத்த அளவு தப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போகும். மனுஷன் போன பிறகு அந்தப் பேரு அவருக்கு வேண்டாம். நாமளே சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். அவர் மானத்தைக் காப்பாத்துறேன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். ஆறும் நல்லா வந்துச்சு. மடிப்பு ஒண்ணு ஒண்ணும் அளந்து வச்ச மாதிரி விழுந்துச்சு. டீச்சரம்மா தடவித் தடவிப் பார்த்து எடுத்துக்கிட்டுப் போனாங்க.

நாலாம் நாள் ஆறையும் பையில போட்டுத் திரும்பக் கொண்டு வந்தாங்க.

"ஒண்ணும் சேரலம்மா"ன்னாங்க மெதுவா. மேல கம்பியில மாட்டினா கீழே சுவத்தை விட்டு நாலு விரக்கடை தள்ளி நிக்குதாம். ஒரு பக்கம் துணி பலகையில இடிச்சு மடங்குதாம், இன்னொரு பக்கம் வெளிச்சம் வருதாம். "நான் பக்கத்துல போகல. அவர்தான் மாட்டிப் பார்த்துட்டு வந்து சொன்னாரு."

எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. முப்பத்தோரு வருஷத்துல என் தையல் திரும்பி வந்ததில்லை. நாக்கு முந்திக்கிச்சு. "என் தையல்ல தப்பில்ல டீச்சரம்மா. அளவே தப்பு. கடைசி காலத்துல அவருக்குப் புத்தி தடுமாறிப் போச்சு. தாறுமாறா எழுதிட்டு வந்துட்டாரு"ன்னேன்.

அடுப்படியிலேர்ந்து எம் மக வந்து என்னைப் பார்த்தா. நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமா? மூணு மாசமா எந்தப் பேரு அவருக்கு வந்துடக் கூடாதுன்னு நினைச்சேனோ அதை நானே என் வாயால குடுத்துட்டேன். அதுவும் என் தையலுக்கு ஒரு கெட்ட பேரு வந்துடக் கூடாதுன்னு.

டீச்சரம்மா பையை ஓரமா வச்சாங்க. "எங்க வீட்டுக்காரர் அப்படி ஒண்ணும் சொல்லலியே. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்பினாரு. இத்தா முடிஞ்ச பிறகு நீங்களே ஒரு நடை வந்து பார்க்கணுமாம். அவசரமில்லையாம். எப்படியும் மழை முடிஞ்சுதான் படகு கடலுக்குப் போகும்"னாங்க.

இத்தா முடிஞ்சு குளிச்சு, சொந்தக்காரங்க வந்து போன மறுநாளே கிளம்பினேன். எம் மகளும் கூட வந்தா. நாலு மாசத்துக்கப்புறம் வெயில் முகத்துல அடிச்சப்போ கண்ணு கூசுச்சு. மெட்ரோ வேலைக்குப் போட்டிருந்த தடுப்பை எல்லாம் இடம் மாத்தி வச்சிருந்தாங்க, பஸ் வேற பக்கம் சுத்திப் போச்சு. மடியில அவரோட டேப்பு. ரப்பர் பேண்டு போட்டு வச்ச பழைய இரும்பு டேப்பு. பையில அந்தக் கல்யாணப் பத்திரிகை.

கொட்டகைக்குள்ள படகு ஒரு வீடு உயரத்துக்கு மரக்கட்டை மேல நின்னுச்சு. எங்கே தொட்டாலும் வெள்ளைத் தூசி. ரெண்டு நிமிஷத்துல கையெல்லாம் அரிக்க ஆரம்பிச்சுது. "ஃபைபர் தூசிம்மா, சொறியாதீங்க, தேங்காண்ணெ தரேன்"னாரு படகுக்காரரு. எனக்கு அப்பவே நெஞ்சுக்குள்ள ஏதோ இடறுச்சு. என்னன்னு பிடிபடல.

ஏணியில ஏறி உள்ளே இறங்கினேன். நிமிர்ந்து நிக்க முடியாது, குனிஞ்சுக்கிட்டுத்தான். அந்தச் சுவரைப் பார்த்ததும் புரிஞ்சு போச்சு. சுவரா அது? மேல போகப் போக உள்பக்கமா சாஞ்சு வருது. முன்பக்கம் போகப் போக ஒடுங்குது. அதோட ஜன்னலும் ஒடுங்குது. மேலேர்ந்து தொங்கவிட்டா துணி எப்படி சுவத்தோட ஒட்டும்? கீழேயும் ஒரு கம்பி போட்டுப் பிடிச்சு இழுத்தாத்தானே நிக்கும். அதுக்குத்தான் ஸ்பிரிங் ரெண்டு.

டேப்பை நீட்டினேன். இடது ஒன்பது. நம்ப முடியாம கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பிடிச்சேன். ஒன்பது. வலது பதிமூணு. மேல் இருபத்தேழு. கீழ் இருபத்தி நாலரை. அட்டையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். ரெண்டாவது ஜன்னல். அதுவும் அப்படியே. மூணாவதுல டேப்பு கையை விட்டு நழுவிச் சுருண்டு விழுந்துச்சு. நாலு. அஞ்சு. ஆறு. ஒரு நூல் பிசகல. ஆடினவருக்கு நல்லாத்தான் ஆடத் தெரிஞ்சிருந்துச்சு. கூடம்தான் கோணல். நான்தான் வந்து பார்க்கல.

அங்கேயே பலகையில உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எம் மக ஏணியிலேர்ந்து எட்டிப் பார்த்து, "அம்மா, இன்னாம்மா ஆச்சு?"ன்னா. "உங்க அத்தா அளவு சரிடி. ஆறும் சரி"ன்னேன். டீச்சரம்மா கீழே நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கும் கேட்கணும்னு சத்தமாவே சொன்னேன். "டீச்சரம்மா, தப்பு அவர் மேல இல்ல. நான்தான் மாத்தினேன். அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய்."

படகுக்காரர் கீழேர்ந்து பேசினாரு. என் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாதுன்னு நினைச்சாரோ என்னவோ, படகோட பக்கத்துல நின்னுக்கிட்டு ஜன்னல் வழியாத்தான் குரல் வந்துச்சு.

"வியாழக்கெழம பாய் மறுக்கா வந்தாரும்மா. 'எங்க ஊட்டம்மா என் அளவு தப்புன்னுது சார், அது சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் இப்பல்லாம் மறந்து மறந்து பூடுது, இன்னொரு வாட்டி பாத்துடறேன்'னாரு. முகமே செத்துப்போயி இருந்துச்சு. மேல ஏறிப் போனாரு. அரைமணி நேரம் சத்தமே இல்ல. அப்பறம் நீங்க கீறீங்க பாருங்க, அதே ஜன்னல்ல தலைய நீட்டினாரு. சார், நான்தான் சார் கரெக்ட்டு, ஆறும் கரெக்ட்டுன்னு சிரிச்சாரு. அப்பிடி ஒரு சிரிப்பு."

நான் முந்தானையை வாயில வச்சு அழுத்திக்கிட்டேன்.

"அப்பறம் எங்கிட்ட பழைய பேப்பர் வாங்கி ஆறு ஜன்னலுக்கும் வெட்டினாரு. ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்க பாய், காட்டுங்கன்னேன். வேணாம் சார், நான் காட்டினா சண்டைக்கு வரும். ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வரேன், அதுவே ஏறி வந்து டேப்பு புடிக்கட்டும். முப்பத்தோரு வருசத்துல ஒரு தபாவாச்சும் அது வாயடைச்சு நிக்கறத நான் பாக்கணும்னாரு. பேப்பரை எங்கிட்டயே குடுத்து வச்சாரு. அதான்மா... நீங்களே வந்து பாக்கணும்னு சொல்லி அனுப்பினேன். அவரு ஆசைப்பட்டது."

மருந்துக் கடைக்குப் போன மூணு மணி நேரம். சட்டையில வெள்ளைத் தூசி. மீசைக்குள்ள ஒளிச்சு வச்ச சிரிப்பு. பஸ்ல போனா பத்து நிமிஷம்னாரே. நான்தான் நேரமில்லன்னேன்.

ஆனா அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அது போதும். புத்தி கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் போகல அந்த மனுஷன். ஜெயிச்சுட்டுத்தான் போயிருக்காரு, என்கிட்ட சொல்லாம. அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன். நாலு மாசம் பத்து நாளா மனசுல உட்கார்ந்திருந்த கல்லு அந்த இடத்துலயே இறங்குச்சு. ஆனா அவர் பார்க்க ஆசைப்பட்ட அந்த நேரம் வந்தப்போ, வாயடைச்சு நின்னது நான் மட்டும்தான். பார்க்க அவர் இல்ல.

பேப்பர் சுருளை டீச்சரம்மா எம் மக கையில குடுத்து அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்து அந்த ஆறு ஸ்கிரீனையும் பிரிச்சேன். துணி பெருசாத்தான் வெட்டியிருந்தேன், அதனால வீணாகல. மறுநாள் காலையில ஒவ்வொரு பேப்பரா துணி மேல வச்சு, சாக்கால கோடு போட்டு வெட்டினேன். எல்லாத்துலயும் அவரோட தடிப் பென்சில்ல எழுதியிருந்துச்சு. இடது ஒண்ணு. இடது ரெண்டு. மேல ஸ்பிரிங், கீழ ஸ்பிரிங். நியூஸ் எழுத்துக்கு மேலயே எழுதினதால சிலது படிக்கக்கூட முடியல.

ஆறாவது பேப்பரைத் துணி மேல விரிச்சு குண்டூசி குத்திட்டேன். கத்திரிக்கோலையும் எடுத்துட்டேன். அப்போதான் ஓரத்துல பொடியா, தலைகீழா ஏதோ எழுதியிருக்கிறது கண்ணுல பட்டுச்சு. கழுத்தைத் திருப்பிப் படிச்சேன்.

'இதான் மேல் பக்கம். திருப்பி வெச்சிடாதம்மா.'

திருப்பித்தான் வச்சிருந்தேன்.

கத்திரிக்கோலைக் கீழே வச்சேன். "சரிங்க"ன்னு சொன்னேன், அவர் முன்னாடி நிக்கிற மாதிரி. முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவையாவது இதை அவர் காது கேட்கச் சொல்லியிருக்கேனான்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகம் வரல. குண்டூசியை ஒவ்வொண்ணா எடுத்துட்டு, பேப்பரை அவர் சொன்ன மாதிரி நேரா வச்சேன்.